பிள்ளைக்கு நிற்கும் ஜாமீன்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

நம் சங்கங்களில் ஜாமீன் கையெழுத்து இடாத உறுப்பினர் அநேகமாக இரார். அண்டை வீட்டாருக்காக, பங்காளிக்காக, உடன் தறி போட்டவருக்காக என்று எத்தனையோ பத்திரங்களில் நாம் கையெழுத்திட்டிருக்கிறோம். "தனித்தும் கூட்டாகவும் பொறுப்பு" என்னும் வாசகம் நமக்குப் பழகிப்போனது. கடன் பெற்றவர் தவறினால் ஜாமீன்தாரர் கட்ட வேண்டும் என்பதே அதன் பொருள். அதே வாசகத்தைத் தம் சொந்த மகனின் பெயருக்குக் கீழே கண்டபோது ஓர் உறுப்பினரின் கை நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அக்கையெழுத்தைப் பற்றியும், அதன் பின் நான்கரை ஆண்டுகள் அக்குடும்பம் கற்றுக்கொண்டதைப் பற்றியும், அதில் என்னால் நேர்ந்த ஒரு பிழையைப் பற்றியும் இங்கே சொல்ல விரும்புகிறேன். நெசவாளர், விவசாயிகளின் பிள்ளைகள் இராணுவ அதிகாரிகளாக வேண்டும் என்று முன்வரும் காலம் இது. அவர்களுடைய பெற்றோருக்கு இது பயன்படக்கூடும்.

சங்கத்திற்கு வந்த பத்திரம்

ஈரோடு மாவட்டத்தில் கைத்தறியும் மஞ்சளும் ஒருங்கே சோறிடும் ஊர் அது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் அவ்வூர்க் கடன் சங்கத்தில் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வை நெய்யும் உறுப்பினர் ஒருவர் மனைவியுடனும் மகனுடனும் வந்தார். தவணை கட்ட வந்திருக்கிறார் என்றெண்ணினேன். அவரோ ஓர் உறையிலிருந்து அச்சடித்த தாள்களை எடுத்து என் முன் வைத்தார்.

"ஐயா, எத்தனையோ பேருக்கு ஜாமீன் போட்டிருக்கறேனுங்க. இதுல போடலாமுங்களா?" என்றார்.

மகன் 12-ஆம் வகுப்பு முடித்து, மத்தியத் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வில் தேறியிருந்தான். எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண். தேர்வு வாரியத்தின் முன் நடக்கும் சோதனைக்கு மற்றொரு 900. அவ்வாரியத்தின் முன் பெங்களூரில் ஐந்து நாட்கள் நின்று, மருத்துவப் பரிசோதனையும் முடித்து, புனேக்கு அருகில் கடக்வாஸ்லாவில் உள்ள அகாடமிக்கு அவன் அழைக்கப்பட்டிருந்தான். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உண்டு என்பதை நினைத்தால், ஊர்ப் பள்ளியில் படித்த அப்பையனின் முயற்சி எளிதன்று என்பது விளங்கும்.

தாள்கள் இரண்டு வகை. ஒன்று சான்று: பயிற்சியின்போது மகனுக்குக் காயம் நேர்ந்தால் அரசிடம் நஷ்டஈடு கேட்பதற்கில்லை என்பதை அறிந்திருப்பதாகப் பெற்றோர் ஒப்பமிட வேண்டும். மற்றொன்று பத்திரம்: ஒழுங்கு நடவடிக்கையாலோ, தன் வசத்திலுள்ள வேறு காரணத்தாலோ பயிற்சி மாணவன் இடையில் நின்றுவிட்டால், அல்லது முடிவில் கமிஷனை ஏற்க மறுத்தால், அரசு அவனுக்காகச் செய்த செலவை அவனும் ஜாமீன்தாரர்களும் தனித்தும் கூட்டாகவும் வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டும்.

கடன் பத்திரம் படிக்கும் வழக்கப்படியே நான் அதை உரக்கப் படித்தேன். பொறுப்பு, வட்டி என்ற சொற்களை இருமுறை சொன்னேன். "எவ்வளவு ஆகுமுங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார். "பல லட்சம் ஆகலாம்" என்றேன். தூணருகே நின்ற பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கேள்வி ஒன்றும் அவன் கேட்கவில்லை. தகப்பனார் கையெழுத்திட்டார். கடமையைச் சரிவரச் செய்துவிட்டேன் என்றே அன்று நினைத்தேன்.

பணத்தின் கணக்கு

பணத்தைப் பொறுத்த மட்டில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை. அகாடமியில் உறைவிடம், உணவு, சீருடை, புத்தகம், மருத்துவம் யாவும் அரசின் செலவு. கைச்செலவு மட்டுமே பெற்றோருடையது. அது மாதம் 3,000 ரூபாய்க்கு மேற்படாது என்று தேர்வு அறிவிக்கையே கூறுகிறது. சேரும்போது ஐந்து மாதக் கைச்செலவையும் உடை முதலியவற்றிற்கான தொகையையும் ஒருமிக்கக் கட்ட வேண்டியிருக்கும். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வரை உதவித்தொகை பெறும் வழியும் உண்டு. பிள்ளை தேர்வானவுடன் மாவட்ட ஆட்சியர் வழியாக இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். காலம் தாழ்த்தாமல் இதைச் செய்வது அவசியம். ஆண்டுதோறும் அறிவிக்கையைப் படித்துத் தொகைகளைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம் உறுப்பினர் சங்கத்தில் சில ஆண்டுகளாகத் தொடர் வைப்பு போட்டு வந்தவர். அது முதிர்ந்து சேர்க்கைச் செலவுக்கு உதவிற்று. உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். மார்வாடியிடமோ கந்து வட்டிக்காரரிடமோ போகாமல் பையனை ரயிலேற்றினோம்.

பயிற்சி எத்தகையது

கடக்வாஸ்லா அகாடமிக்கு 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைவீரர் செய்த தியாகத்தைப் போற்றி சூடான் அரசு அளித்த நன்கொடை அதன் கட்டுமானத்திற்குப் பயன்பட்டது. நடுக்கட்டடம் இன்றும் சூடான் பெயராலேயே வழங்குகிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் உரிய மாணவர் ஒரே கூரையின் கீழ்ப் பயில்கின்றனர். ஆண்டுக்கு இரண்டு பருவமாக மூன்று ஆண்டுகளில் ஆறு பருவங்கள். பட்டப்படிப்பும் அதனுள் அடங்கும். அதன் பின் தரைப்படைக்குரியோர் டேராடூன் இந்திய இராணுவ அகாடமியிலும், கடற்படைக்குரியோர் கேரளத்தின் எழிமலையிலும், விமானப்படைக்குரியோர் ஐதராபாத் அருகே துண்டிகலிலும் மேற்பயிற்சி பெறுகின்றனர்.

விடியுமுன் எழுந்தால் விளக்கணையும் வரை அவர்கள் நேரம் அவர்களுடையதன்று. ஓட்டம், கயிறேற்றம், நீச்சல், குதிரையேற்றம், அணிநடை இவற்றுடன் வகுப்புகளும் உண்டு. கட்டளைச் சொற்கள் இந்தியில். அணிநடைச் சோதனையில் தேறாதவர்க்கு ஞாயிறன்று வெளியே செல்ல அனுமதியில்லை. கைப்பேசி முதல் மாதங்களில் கைக்கு வருவது அரிது. படிப்பிலோ உடற்பயிற்சியிலோ பின்தங்கினாலும், நோயாலும் காயத்தாலும் பயிற்சி தடைப்பட்டாலும், ஒரு பருவம் பின்தள்ளிவிடுவார்கள். அதாவது, தன்னுடன் சேர்ந்தவர்கள் மேலே செல்ல, அடுத்து வந்த இளையவர்களோடு ஆறு மாதம் அதே பருவத்தை மீண்டும் பயில வேண்டும். பையன்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்.

"நல்லாருக்கேனுங்கப்பா"

எப்போது பேசினாலும் பையன் சொல்லும் ஒரே பதில் அதுதான். தகப்பனாரும் ஒவ்வொரு முறையும் பேச்சை முடிக்கும்போது, அன்பினாலேயே, "பத்திரத்தை ஞாபகம் வெச்சுக்கோ, சாமி" என்பாராம். இரண்டாம் பருவத்தின் நடுவில் பையனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி தொடங்கியிருக்கிறது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவரிடம் போனால் ஓய்வு தருவார்கள். ஓய்வு நீண்டால் பின்தள்ளுவார்கள். பின்தள்ளப்பட்டால் ஒருவேளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் அப்பா பல லட்சம் கட்ட வேண்டும். இதுதான் அவன் போட்ட கணக்கு. ஆறு வாரம் வலியோடு ஓடினான். நெடுந்தொலைவு ஓட்டப் போட்டி ஒன்றில் கீழே விழுந்தான். படமெடுத்துப் பார்த்ததில் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் இருந்தது. முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் சில வார ஓய்வோடு போயிருக்கக்கூடியது, பல மாதத் துன்பமாயிற்று. அவன் ஒரு பருவம் பின்தள்ளப்பட்டான்.

செய்தி வந்த மறுநாள் தகப்பனார் சங்கத்தில் என்னைத் தேடி வந்தார். அவர் முதலில் கேட்டது காலைப் பற்றியன்று. "அந்தப் பணம் கட்டோணுமுங்களா, ஐயா?" என்றார். அப்படிக் கேட்டுவிட்டோமே என்று உடனே தலை குனிந்தார்.

பத்திரத்தின் நகலை வாங்கி மீண்டும் படித்தேன். "பயிற்சி மாணவனின் வசத்திலுள்ள காரணங்களால்" என்ற சொற்கள் அதில் இருந்தன. எலும்பு விரிவது எவர் வசத்திலும் உள்ளதன்று. பயிற்சியில் காயம்பட்டு ஒருவன் அனுப்பப்பட்டாலும்கூடக் குடும்பம் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. மார்கழிக் காலையில் இச்சொற்களையும் நான் வாசித்திருக்கிறேன். ஆனால் வட்டியை இருமுறை சொன்ன நான் இதை ஒருமுறைதான், அதுவும் ஓட்டமாக வாசித்தேன். கடன் கொடுக்கும் சங்கத்தின் கண்ணோடு படித்தேனேயன்றி, அதைச் சுமக்கப்போகும் பிள்ளையின் செவியோடு படிக்கவில்லை. அப்பிழை என்னுடையது. அதை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

அன்றிரவு அவர் வீட்டுக்குப் போனேன். பையன் மருத்துவமனையிலிருந்து பேசினான். தகப்பனார் சொன்னது இது:

"சாமி, பாவுல ஒரு இழை அறுந்தா நான் தறியை நிறுத்தித்தான் பிணைக்கறேன். நிறுத்தாம ஓட்டுனா அந்தக் கோடு போர்வை முழுக்க ஓடும். ஆறு மாசம் நின்னு பிணைச்சுக்கோ. கால் வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. பத்திரம் என்ற பாடு, அது உன்ற பாடு இல்லை."

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு பையன், "இன்னும் வலிக்குதுங்கப்பா" என்றான். ஓராண்டுக்குள் அவன் வீட்டாரிடம் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று எனக்குத் தோன்றிற்று.

பெற்றோர் செய்யத்தக்கவை

அன்றைக்குப் பின் அக்குடும்பம் நடந்துகொண்ட முறை பிறருக்கும் பாடமாகும். தாயார் எழுதப் படிக்கச் சிறிதளவே அறிந்தவர். எனினும் பதினைந்து நாளைக்கு ஒரு கடிதம் எழுதினார். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, பக்கத்து வீட்டுக் கிணற்றில் நீர் ஊறியது, தங்கைக்குப் பல் விழுந்தது என்பன போன்ற செய்திகளே அவற்றில் இருக்கும். "நீ எப்படியாவது ஜெயிக்க வேண்டும்" என்று ஒரு வரியும் இராது. இளையவர்களோடு மீண்டும் நின்ற அந்த ஆறு மாதத்தில் தன்னைத் தாங்கியவை அக்கடிதங்களே என்று பையன் பின்னர் என்னிடம் கூறினான். வீடு தன் இடத்தில் இருக்கிறது, தன் வெற்றி தோல்வியைப் பொறுத்து அது அசையவில்லை என்பதே அவற்றிலிருந்து அவன் அறிந்த செய்தி.

வீட்டுத் துன்பங்களைச் சொல்லலாமா, மறைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூலி நிலுவை, விலை வீழ்ச்சி போன்ற அன்றாடக் கவலைகளை அங்கே இருக்கும் பிள்ளை ஒன்றும் செய்ய முடியாது. அவற்றைச் சொல்லிப் பயனில்லை. ஆனால் குடும்பத்தில் நேரும் இறப்பையோ கடும் நோயையோ மறைக்கக்கூடாது. வீடு தன்னிடம் ஒன்றை மறைத்தது என்று ஒருமுறை தெரிந்தால், தானும் மறைக்கலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

"வந்துவிடட்டுமா?" என்ற கேள்வி பெரும்பாலும் முதல் பருவத்தில் வரும். "வா" என்றும் "வராதே" என்றும் உடனே சொல்வது கூடாது. ஏன் என்று கேளுங்கள். பதில் முழுவதையும் கேளுங்கள். உறக்கமின்மையும் ஊர் நினைவும் காரணமாயின், விடுமுறை வரை பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். யாரேனும் அடித்து வதைக்கிறார்கள் என்றால், அல்லது உடலோ மனமோ நோயுற்றிருக்கிறது என்றால், அது பொறுக்கத் தக்கதன்று. அவனுக்குரிய அதிகாரியிடமும் மருத்துவரிடமும் சொல்லும்படி அவனைத் தூண்டுங்கள், வேண்டுமானால் நீங்களும் எழுதுங்கள். முடிவில் அவன் நின்றுவிடுவதே என்று தீர்மானித்தால், பத்திரத்தின் சுமையைக் கணக்கிட்டுக் குடும்பமாகவே பேச வேண்டும். அச்சுமை உண்மையானது, அதை இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அச்சத்தை வைத்து ஒருவரை அதிகாரியாக்க முடியாது.

பெண்ணைப் பெற்றவர்கள்

அதே ஊரில் மஞ்சள் பயிரிடும் உறுப்பினர் ஒருவரின் மகள், பட்டம் பெற்றுத் தேசிய மாணவர் படையில் 'சி' சான்றிதழும் பெற்றவள், எழுத்துத் தேர்வின்றி நேரே வாரியத்தின் முன் சென்று தேறினாள். சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர்ந்தாள். 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரையடுத்து 1963-இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. பெண்கள் 1992 முதல் அங்கே பயில்கின்றனர். கடக்வாஸ்லாவிலும் 2022-இல் பெண்கள் சேர்ந்தனர். முதல் அணியினர் 17 பேர் 2025 மே மாதத்தில் தேறி வெளிவந்தனர்.

பரங்கிமலைப் பயிற்சி 49 வாரம். பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவி ஊதியம் என்று ஏழாவது ஊதியக் குழுவின்படி நிர்ணயிக்கப்பட்டது. இதைக் கேட்டதும் தகப்பனார் தம் பயிர்க்கடன் நிலுவையை என்னிடம் வாசிக்கத் தொடங்கினார். நான் அவரைத் தடுத்தேன். அத்தொகையிலிருந்து உணவு, உடை முதலியவற்றுக்குப் பிடித்தம் உண்டு. அதைவிட, வீட்டுக் கடனைத் தீர்க்கும் பணமாகத் தன்னை எண்ணும் வீட்டிற்கு வலியைச் சொல்ல எந்தப் பெண்ணும் துணியமாட்டாள். போர்வை நெய்பவரின் மகனுக்கு நேர்ந்ததை அவருக்குச் சொன்னேன். அவர் புரிந்துகொண்டார். கடனை மஞ்சள் விற்றே கட்டினார்.

தாயாரின் தொல்லை வேறு விதமானது. "பொட்டப் புள்ளையை இப்படி அனுப்பலாமா? கல்யாணம் எப்போ?" என்று உறவினர் கேட்டவண்ணம் இருந்தனர். அக்கேள்விகளைத் தம்மோடு நிறுத்திக்கொண்டார் அந்த அம்மாள். ஒன்றையும் மகளிடம் கடத்தவில்லை. ஒரு தாய் செய்யக்கூடிய உதவிகளில் இது சிறிதன்று.

திரும்பி வரும் பிள்ளை

எல்லாரும் முடித்து வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பயிற்சியில் பட்ட காயத்தால் உடற்குறையோடு திரும்பியவர்களும் உண்டு. கமிஷன் பெறுமுன் நேர்ந்த காயமாதலால் அவர்கள் முன்னாள் படைவீரராகக் கருதப்படாமல், மருத்துவ உதவியின்றி நீண்ட காலம் துன்புற்றனர். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அம்மாதமே அரசு, முன்னாள் படைவீரருக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டத்தை அவர்களுக்கும் விரித்தது. தங்கள் பிள்ளை அவ்வாறு திரும்ப நேர்ந்தால், மருத்துவக் குழுவின் தாள்கள் ஒன்றையும் தவறவிடாது பெற்றோர் பத்திரப்படுத்த வேண்டும்.

காயமின்றி, தேறாமல் திரும்பும் பிள்ளையும் தோற்றவனல்லன். அவனை ஊர் எவ்வாறு வரவேற்கும் என்பது வீட்டு வாசலில் பெற்றோர் எவ்வாறு வரவேற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தோளில் நட்சத்திரம்

நம் உறுப்பினரின் மகன் மூன்றரை ஆண்டில் கடக்வாஸ்லாவை முடித்து, ஓராண்டு டேராடூனில் பயின்றான். அந்த அகாடமி 1932-இல் 40 பேரோடு தொடங்கியது. நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் முதலில், தன் கீழுள்ளவர் நலன் அடுத்து, தன் சுகம் எப்போதும் கடைசியில் என்பதே அங்கு கற்பிக்கப்படும் நெறி. சங்கத் தலைவர்களும் செயலாளர்களும் தங்கள் மேசை முன் எழுதி வைத்துக்கொள்ளத் தக்க நெறி அது.

ஜூன் மாதத்தில் நிறைவு அணிவகுப்பு. பெற்றோர் இருவரும் முதன்முறையாக வடநாடு சென்றனர். அணிவகுப்பு முடிந்ததும், புதிய அதிகாரியின் தோள்களில் நட்சத்திரங்களை மூடியிருக்கும் துணியைப் பெற்றோர் அகற்றுவதும், நட்சத்திரத்தைப் பொருத்துவதும் அங்கு வழக்கம். லெப்டினன்டுக்குத் தோளுக்கு இரண்டு நட்சத்திரம். நாடா எறிந்து காய்த்த கை ஒரு தோளிலும், தார் சுற்றிய கை மறு தோளிலும் வேலையை முடித்தன.

திரும்பி வந்த வாரம் அவர் சங்கத்திற்கு வந்தார். மார்கழியில் இட்ட பத்திரத்தின் நகலை மடித்துக் கொண்டுவந்திருந்தார். "இதை இனிக் கிழிச்சுப்போடலாமுங்களா?" என்று கேட்டார். வைத்திருங்கள் என்றேன். அடுத்த முறை எவரேனும் இத்தகைய தாளுடன் வந்தால், எந்த வரியை இருமுறை படிக்க வேண்டும் என்று காட்ட எனக்கு அது வேண்டியிருந்தது. இப்போது அந்நகல் என் கைப்பையில்தான் இருக்கிறது. "வசத்திலுள்ள காரணங்களால்" என்ற சொற்களின் கீழே மையால் கோடிட்டிருக்கிறேன்.

உறுப்பினர்களே, பிள்ளைக்காக அரசிடம் நாம் இடும் கையெழுத்து பணத்திற்கானது. அதைப் படித்தறிந்து, அஞ்சாமல் இடுங்கள். தேறினாலும் தேறாவிட்டாலும் உன் பின்னே நாங்கள் நிற்கிறோம் என்று பிள்ளையிடம் தருவது மற்றொரு ஜாமீன். அதற்குப் பத்திரமில்லை, தவணையில்லை. அது தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான், வலிக்கும்போது வலிக்கிறது என்று சொல்லும்.